மூச்சு முந்தும், மூட்டுப் பிந்தும்: பல வருடம் அசையாத உடம்பைப் பயிற்சிக்குப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

நடக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம் நான் திருகோணமலையில் டச்சு பே கடற்கரை மணலில் ஓடினேன். அப்போது எனக்கு 46 வயது. அதற்கு முந்திய இருபது வருடமும் அலுவலகக் கதிரையில்தான் போயிருந்தது. முதல் இரண்டு வாரம் நடை நன்றாகவே போனது. மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது, உடம்பும் லேசானதுபோல இருந்தது. அந்த உற்சாகத்தில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால் புதையும் மணலில் கால் மணித்தியாலம் ஓடினேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கினால் வலது காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. குதிக்கு மேலே கெண்டைக்காலோடு சேரும் தசைநாண் வீங்கியிருந்தது. ஆறு வாரம் எல்லாமே நின்றுபோனது.

காலைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒன்று சொன்னார்: “ஐயா, மூச்சு பழகிட்டுது எண்டதுக்காக முழங்காலும் குதியும் பழகிட்டுது எண்டு நினைச்சிடாதேங்கோ. அதுகளுக்கு மூண்டு மாசம் குடுங்கோ.”

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தப் பேச்சின்மேல்தான் நிற்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் புது வேலைக்குப் பழகிவிடும். தசை அதற்குச் சற்றுப் பின்னால் வரும். தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அது பலப்பட மாதக்கணக்காகும். இரண்டு வாரம் கழிந்து மூச்சு “இன்னும் கொஞ்சம்” என்று கேட்கும்போது குதியும் முழங்காலும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. பலர் முதல் நாளில் விழுவதில்லை, இந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

முதலில் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

நல்ல சுகத்தோடு இருப்பவர் மெதுவாகப் பத்து நிமிடம் நடக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஆனால் சலரோகம், பிரஷர், இதய நோய், சிறுநீரக நோய் ஏதாவது இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம், “நடக்கத் தொடங்கப் போகிறேன், கூடாதது ஏதும் உண்டா?” என்று கேட்டுவிடுங்கள். படியேறும்போது நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது, காரணமில்லாமல் தலை சுற்றி மயங்குவது போன்றவை இருந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்கக் கூடாது, முதலில் வைத்தியரிடம்தான் போக வேண்டும். நாற்பது தாண்டியும் ஒருமுறைகூடச் சீனியும் பிரஷரும் பார்க்காதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தொடங்குமுன் அதையாவது பார்த்துவிடுங்கள். ஓய்வாக இருக்கும்போதே பிரஷர் 180/110ஐத் தாண்டி நின்றால், அது கட்டுக்குள் வரும்வரை பயிற்சி வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களும், கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்ற சலரோகக் குளிசை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் சீனி சட்டென்று இறங்கலாம். கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், கண் மங்கும். மூன்று தேக்கரண்டி சீனியைக் கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குணம் தெரிந்தால் உடனே வாயில் போட்டுவிட்டு உட்காருங்கள். கால் விறைத்துப்போய் உணர்வு குறைந்தவர்கள் கடற்கரையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சிப்பி வெட்டினாலும் தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண்ணாகத்தான் தெரியவரும்.

இன்னொன்றையும் மனதில் எழுதி வையுங்கள். நடக்கும்போது நெஞ்சை அழுத்துவதுபோல நோவு, அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுவது, நின்றபிறகும் மூச்சு அடங்காமல் குளிர்ந்து வியர்ப்பது: இவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். “வாய்வுக் குத்து” என்று சோடா குடித்துப் பார்ப்பதில் நேரத்தை விடாதீர்கள்.

நேரமும் காலும்

நமது ஊர் கிழக்குக் கரை. சூரியன் கடலில் இருந்து நேரே முகத்தில் அடிக்கும். காலை ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் முடித்துவிட்டால் நல்லது. ஏழரைக்கு மேல் புதிதாகத் தொடங்கியவர் வெயிலில் நிற்கக் கூடாது. மாலையில் ஐந்தரைக்குப் பிறகு டச்சு பே பக்கம் வெயில் நகரத்துக்குப் பின்னால் போய்விடும், அது நல்ல நேரம். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும் காலத்தில் ஒரு கவனம் வேண்டும். அந்தக் காற்று வியர்வையை வந்த கணமே உலர்த்திவிடும். சட்டை நனையாததால் தண்ணீர் போகவில்லை என்று நினைப்போம், ஆனால் போயிருக்கும். புறப்படுமுன் ஒரு கிளாஸ், வந்ததும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் அது போதவில்லை. வெக்கைக்கு உடம்பு பழகவே ஒன்று இரண்டு வாரம் எடுக்கும், வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நேரத்தை ஏற்கனவே செய்யும் ஒரு வேலையோடு கட்டிவிட்டால் நடை நிலைக்கும். காலைத் தேத்தண்ணி குடித்ததும் சப்பாத்துப் போடுவது ஒரு வழி. எனக்கு உதவியது பிள்ளையின் டியூஷன். மகளை விட்டுவிட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் குந்தியபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மணித்தியாலம் கிழமைக்கு மூன்று தடவை சும்மா கிடந்தது. அந்த ஒழுங்கையிலேயே நடக்கத் தொடங்கினேன். புதிதாக நேரம் தேடவே வேண்டியிருக்கவில்லை. பிறகு வேறு இரண்டு பெற்றோரும் கூட வந்தார்கள். தனியே நடக்கத் தயங்கும் பெண்களுக்கும் இதுதான் என் யோசனை: பக்கத்து வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருத்தி படலையில் வந்து நின்றால் மற்றவள் எழும்பியே ஆகவேண்டும்.

ரப்பர் செருப்போடு நீண்ட நடை வேண்டாம். அது கழன்றுவிடாமல் விரல்கள் ஒவ்வோர் எட்டிலும் பிடித்துக்கொண்டே இருக்கும், உள்ளங்காலும் கெண்டைக்காலும் இறுகும். விலை கூடிய சப்பாத்துத் தேவையில்லை. குதி அசையாமல் இருக்க வேண்டும், நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மாலையில் வாங்குங்கள், பகலெல்லாம் நின்று கால் சற்று வீங்கிய அளவுதான் சரியான அளவு.

முதல் இரண்டு வாரம்: பத்து நிமிடம் மட்டும்

ஐந்து நிமிடம் போங்கள், திரும்பி ஐந்து நிமிடம் வாருங்கள். கிழமைக்கு ஐந்து நாள். இன்னும் நடக்கலாம்போல இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

“இதெல்லாம் ஒரு பயிற்சியா?” என்று வீட்டில் கேட்பார்கள். ஆம், பயிற்சிதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. அதே வழிகாட்டல் கொஞ்ச இயக்கமும் ஒன்றுமில்லாததைவிட நல்லது என்றும் சொல்கிறது. ஒரே தடவையில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையும் இப்போது இல்லை. பத்து நிமிடம் ஏலாதவர் காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று நடக்கலாம். அதுவும் முடியாதவர் விறாந்தையில் மூன்று நிமிடம் நடக்கட்டும். இந்த இரண்டு வாரத்தில் நாம் வளர்ப்பது தசையை அல்ல, போகும் பழக்கத்தை.

இடம் தட்டையாக இருக்கட்டும். உள்துறைமுகத்தை ஒட்டிய வீதி நல்லது, தண்ணீர்க் காற்றும் உண்டு. ஏகாம்பரம் மைதானம், மக்கெய்சர் மைதானம் பக்கம் இருப்பவர்கள் திறந்திருக்கும் நேரத்தில் ஓரமாகச் சுற்றலாம். கிண்ணியாக்காரருக்குப் பாலமே அளவுகோல். அது 396 மீட்டர், ஒருமுறை போய்த் திரும்பினால் 800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வாகனத்தைப் பார்த்து ஓரமாக நடவுங்கள். கால் புதையும் மணல் மட்டும் இப்போது வேண்டாம். அதில் நடக்கத் தரையில் நடப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும், குதியும் ஒவ்வோர் எட்டிலும் கீழே இறங்கித் தசைநாணை இழுக்கும். நான் செய்த பிழை அதுதான். அலை நனைத்து இறுகிய ஈரமணல் பரவாயில்லை. ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரே பக்கம் போகாமல் போன தூரம் திரும்பி வாருங்கள்.

மூன்றாம் வாரம் முதல் பத்தாம் வாரம் வரை

மூன்றாம், நான்காம் வாரம் 15 நிமிடம். ஐந்தாம், ஆறாம் வாரம் 20. ஏழாம், எட்டாம் வாரம் 25. ஒன்பதாம் வாரத்தில் 30 நிமிடத்துக்கு வந்துவிடுவீர்கள். ஐந்து நாள் நடந்தால் அதுவே 150. ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே அளவை அடுத்த வாரமும் செய்யுங்கள், யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.

வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. பக்கத்தில் வருபவரோடு முழு வசனமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் ஒரு தேவாரத்தை இழுத்துப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். பாட முடிந்தால் சற்று எட்டிப் போடுங்கள், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் குறையுங்கள். எண்ணிப் பார்க்க விரும்புபவர்கள் 15 விநாடியில் 25 எட்டு வருகிறதா என்று பாருங்கள், நிமிடத்துக்கு 100 எட்டு என்பது பெரும்பாலானவர்களுக்கு அந்த வேகத்தைத் தரும். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டனோலோல், பைசோப்ரொலோல் குளிசை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் நாடியை நம்பாமல் இந்தப் பேச்சுச் சோதனையையே நம்ப வேண்டும்.

ஐந்தாம் வாரத்தில் இருந்து ஒரு சிறு மாற்றம் செய்யலாம். ஒரு லைட் கம்பத்தில் இருந்து அடுத்த கம்பம் வரை வேகமாக, பிறகு இரண்டு கம்பத்துக்கு வழமைபோல. ஒரு நடையில் நாலைந்து தடவை போதும். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

காலையில் கூட்டமாக நிற்கும் நாய்களுக்குப் பயந்து நடையை விட்டவர்களை எனக்குத் தெரியும். கையில் ஒரு தடி இருந்தால் போதும், ஓட வேண்டாம். கடித்தாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூட்டைத் தாங்கும் பயிற்சி, வீட்டுக் கதிரையோடு

நடை மட்டும் போதும் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முழங்காலைத் தாங்குவது தொடைத் தசை, குதியைத் தாங்குவது கெண்டைக்கால். அவற்றைப் பலப்படுத்தாமல் நடையை மட்டும் கூட்டினால் பாரம் எல்லாம் மூட்டில்தான் விழும். மேலே சொன்ன வழிகாட்டலும் கிழமைக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்கிறது. மூன்றாம் வாரத்தில் தொடங்குங்கள், கிழமைக்கு இரண்டு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம்.

முக்கியமானது கதிரையில் இருந்து எழும்புவது. பிளாஸ்டிக் கதிரை என்றால் வழுக்காதபடி சுவரோடு அணைத்து வையுங்கள். விளிம்புக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். கைகளை நெஞ்சில் கட்டுங்கள். மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும்வரை முன்னால் குனியுங்கள். அப்போது உடம்பின் பாரம் கதிரையை விட்டுக் காலுக்கு மாறுவது தெரியும். அந்த இடத்தில் குதியை நிலத்தில் அழுத்தி எழும்புங்கள். முழங்கால்கள் உள்ளே சாயாமல் விரல்களின் திசையில் நிற்கட்டும். இறங்குவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழ வேண்டாம். எட்டுத் தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. கை கட்டி எழும்ப ஏலாதவர் தொடையில் கை ஊன்றலாம், அல்லது கதிரையில் ஒரு தலையணை வைத்து உயர்த்தலாம்.

அடுத்தது குதி உயர்த்துவது. சுவரில் விரல் நுனியை வைத்துக்கொண்டு இரண்டு குதியையும் தூக்குங்கள், மேலே இரண்டு எண்ணும்வரை நில்லுங்கள், மூன்று எண்ணி இறக்குங்கள். பத்து, ஓய்வு, பத்து. என் குதியை மீட்டெடுத்தது இந்தப் பயிற்சிதான், அதனால் இன்றும் பல் துலக்கும்போதுகூடச் செய்கிறேன்.

மற்றவை எளிது. சுவரில் இருந்து இரண்டு அடி தள்ளி நின்று, கைகளை ஊன்றி நெஞ்சைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய்த் தள்ளி வருவது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து இடுப்பைத் தூக்கி இறக்குவது. நாரிப் பிடிப்பு உள்ளவர்களுக்கு இது மிகவும் நல்லது. ஐந்து லீற்றர் தண்ணீர்க் கேன் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்து, முதுகு நிமிர்ந்தபடி வளவில் இரண்டு சுற்று வருவது. எதைச் செய்தாலும் மூச்சை அடக்க வேண்டாம். தூக்கும்போது வெளியே விடுங்கள்.

எந்த நோவுக்கு நிறுத்துவது

முதல் தடவை கதிரைப் பயிற்சி செய்தவருக்கு மறுநாளும் அடுத்த நாளும் தொடை நோகும். இரண்டு காலும் ஒரே மாதிரி, தசை முழுக்கப் பரவலாக நொந்து, அசைய அசையக் குறைந்தால் அது பழகாத தசையின் நோவு. இரண்டு மூன்று நாளில் போய்விடும். அன்று மெதுவாக நடக்கலாம், பனடோல் தேடத் தேவையில்லை.

ஒரே பக்கம், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடம், மூட்டிலோ தசைநாணிலோ நோவு என்றால் அது வேறு. காலையில் எழும்பி வைக்கும் முதல் எட்டில் குதி குத்துவதும் அப்படித்தான். நான் பின்பற்றும் முறை மறுநாள் காலையைப் பார்ப்பது. நேற்றைய காலையைவிட இன்று காலை நோவு கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம். அடுத்த தடவை பாதியாகக் குறையுங்கள். வீக்கம் இருந்தால், நொண்டி நடக்க வேண்டியிருந்தால், ஒரு வாரம் குறைத்தும் தணியாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு இழுத்து உருவுவது வீங்கிய தசைநாணுக்குச் சரிவராது.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் நடக்கவே கூடாது என்று ஒரு பேச்சு ஊரில் உண்டு. அது பிழை. அளவாக நடப்பதும் தொடைத் தசையைப் பலப்படுத்துவதும் அந்த நோவுக்கே சிகிச்சையின் ஒரு பகுதி. கடல் அமைதியாக இருக்கும் சித்திரை முதல் புரட்டாதி வரை உப்புவெளிக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து பாருங்கள். தண்ணீர் உடம்பின் பாரத்தைப் பாதியளவு தாங்கிக்கொள்ளும்.

சாப்பாடும் தராசும்

மூன்று நேரமும் மாச்சத்துச் சாப்பிடுபவர்கள் நாம்: புட்டு, சோறு, இடியப்பம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் மெதுவாக வீட்டைச் சுற்றி நடந்தால், ஏறும் சீனியைத் தசை எடுத்துக்கொள்ளும். சலரோகக்காரருக்கு இதைவிட மலிவான உதவி கிடையாது. வேகநடை என்றால் வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் போகட்டும்.

தராசில் தினமும் ஏற வேண்டாம். நடையால் மட்டும் எடை மெதுவாகத்தான் இறங்கும், அதைப் பார்த்தே பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். நித்திரை ஆழமாவது, மாடிப்படியில் நிற்காமல் ஏறுவது, கிளினிக் கொப்பியில் பிரஷர் இறங்குவது போன்றவை எடைக்கு முன்னே வரும்.

மாரியும் காய்ச்சலும்

ஐப்பசி பிறந்து தை வரை மழை. நடை அறுந்துபோவது அந்தக் காலத்தில்தான். வீட்டுக்குள் நின்ற இடத்தில் முழங்காலைத் தூக்கி நிமிடத்துக்கு 100 எட்டு, பத்து நிமிடம், கூடவே கதிரைப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலறாமல் இருந்தால் போதும். நோன்பு காலத்தில் முஸ்லிம் நண்பர்கள் பகலில் விட்டு, நோன்பு திறந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நடக்கிறார்கள். அதுவும் நல்ல வழி.

ஒரு வாரம் விடுபட்டால் விட்ட இடத்திலேயே தொடங்கலாம். இரண்டு மூன்று வாரம் போயிருந்தால் பாதி நேரத்தில் தொடங்குங்கள். டெங்குவோ சிக்குன்குன்யாவோ வந்து எழும்பியவர்கள் அவசரப்பட வேண்டாம். காய்ச்சல் விட்ட பிறகும் களைப்பும் மூட்டு நோவும் வாரக்கணக்கில் நிற்கும். மீண்டும் பத்து நிமிடத்தில் இருந்து வாருங்கள்.

பன்னிரண்டாம் வாரம்: கோணேசர் ஏற்றம்

மூன்று மாதம் முடிந்தால் ஓட விரும்புபவர்கள் மைதானத்தில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து, அதையே ஆறு தடவை செய்து தொடங்கலாம். கிழமைக்கு இரண்டு நாள், அடுத்தடுத்த நாளில் அல்ல. ஓடித்தான் ஆகவேண்டும் என்றில்லை. எனக்கு ஏற்றமே போதும்.

கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியை நான் சோதனையாக வைத்திருக்கிறேன். தொடங்குமுன் அந்த ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்றேன். ஒருமுறை மான்களைப் பார்ப்பதுபோல நின்று மூச்சு வாங்கினேன். பன்னிரண்டாம் வாரம், மாலைப் பூசைக்கு, நிற்காமல் பேசிக்கொண்டே ஏறினேன். மகள் பக்கத்தில் வந்தாள். வெயில் சாய்ந்த பிறகே போங்கள். செருப்பைக் கழற்றியபின் மதியக் கல்லில் கால் வைக்க முடியாது. ஏறும்போது சிறு எட்டு, உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, குதி முழுவதும் நிலத்தில் படும்படி.

தரிசனம் முடிந்து இராவணன் வெட்டுப் பக்கம் காற்று வாங்கிவிட்டு இறங்கும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும். ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் முழங்காலைக் கேட்கும். உடம்பின் பாரம் ஒவ்வோர் எட்டிலும் தொடைத் தசையில் வந்து இறங்கும், அந்தத் தசை பழகாவிட்டால் மூட்டில் இறங்கும். நேரே விறுவிறுவென்று வராமல் வீதியில் சற்றுக் குறுக்கும் மறுக்குமாக, முழங்காலை லேசாக மடித்து, கதிரையில் உட்காரும்போது எண்ணிய அதே ஒன்று, இரண்டு, மூன்றோடு இறங்குங்கள். மறுநாள் காலை கட்டிலில் இருந்து இறங்கும் முதல் எட்டில் நோவில்லை என்றால் அடுத்த கிழமையும் ஏறலாம்.